ஐம்பது இல்லை, நாற்பத்தெட்டு

பயிற்சி மையத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே கேட்டாள். "பொண்ணுக்கா, பையனுக்கா?"

"எனக்கு."

அந்தப் பெண் இப்போது தலையைத் தூக்கினாள். எதிரே நின்றவளுக்குக் காதோரம் நன்றாகவே நரைத்திருந்தது. நீல நிறச் சீருடைச் சட்டை, தோளில் போக்குவரத்துக் கழகத்தின் முத்திரை, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. பஸ் ஓட்டிவிட்டு நேராக வந்தவள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இது முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு வகுப்புங்க. டிகிரி முடிச்சிருக்கணும்."

"முடிச்சிருக்கேன். வரலாறு. தபால் வழியில படிச்சேன். நீ அப்பத்தான் பல்லு முளைச்சுட்டு இருந்திருப்ப."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சேர்க்கை முடிந்தது.

அவளை டிப்போவில் எல்லோரும் 'பதினேழு' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழாம் நம்பர் பஸ்ஸை அவள் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். துறைமுகத்துப் பக்கத்தில் கிளம்பி, சந்தைத் தெருவில் நெளிந்து, பாலம் ஏறி, தொழிற்பேட்டை வாசலில் போய் முடிகிற தடம். காலையில் முதல் நடைக்கு அந்த பஸ்ஸில் மூச்சு விட இடம் இருக்காது. தையல் ஆலைக்குப் போகும் பெண்கள் ஒற்றைக்காலில் நிற்பார்கள். படிக்கட்டில் ஒரு கொத்து ஆட்கள் தொங்குவார்கள். பத்து மணிக்கு மேல் அதே பஸ்ஸில் கண்டக்டர் கால் நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

இந்த வயதில் கணக்கு படிக்க வேண்டும் என்ற வேகம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், அது ஒரு கூட்டத்தில் வந்தது. தடங்களைத் திட்டமிடும் அதிகாரி வருஷம் ஒருமுறை டிப்போவுக்கு வந்து குறை கேட்பார். மற்றவர்கள் ஓய்வறை மின்விசிறி சுற்றவில்லை, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார்கள். இவள் எழுந்து, காலையில் தன் தடத்துக்கு இன்னொரு பஸ் வேண்டும் என்றாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகத் தாளைப் புரட்டிப் பார்த்தார். "போன மாசம் பூரா எண்ணியிருக்கோம்மா. உங்க தடத்துல ஒரு நடைக்குச் சராசரி முப்பது பேர். பஸ்ல சீட்டே நாப்பது. எல்லாருமே உக்காந்துட்டுப் போகலாம். இன்னொரு பஸ் வேணும்னு நான் மேல என்னன்னு எழுதறது?"

"சார், காலையில என் பக்கக் கண்ணாடியில ரோடே தெரியறதில்ல. தொங்கற ஆளுங்கதான் தெரியறாங்க."

"இருக்கலாம்மா. ஆனா சராசரி அப்படிச் சொல்லலையே."

  அவர் சொல்வதில் எங்கேயோ இடிக்கிறது, அது நிச்சயம். எங்கே என்று விரல் வைத்துக் காட்ட அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் உட்கார்ந்தாள். ஆனால் கூட்டம் முடிந்ததும் வாசலில் போய் அவருக்காகக் காத்து நின்றாள்.

"சார், உங்க நாற்காலில உக்காரணும்னா என்ன படிக்கணும்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் நிறுத்திக்கொண்டார். "போக்குவரத்துத் திட்டமிடல்னு ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கு. அதுக்கு நுழைவுத் தேர்வு எழுதணும். அதுல பாதிக்கு மேல கணக்கு" என்றார். கடைசி வார்த்தையை மட்டும், வாசலில் நாய் இருக்கிறது என்று எச்சரிக்கிற தொனியில் சொன்னார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவள் புருஷனுக்குப் புரையேறியது. அவன் தெருமுனையில் சலூன் வைத்திருப்பவன். நல்ல கைக்காரன், நல்ல வாய்க்காரன்.

"கணக்கா? நீயா? நம்ம கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு நீ போட்ட கணக்குலதானே எங்க பக்கத்து ஆளுங்க பாதிப் பேர் சாப்பிடாமப் போனாங்க?"

"அது உங்க ஆளுங்க சொல்லாம கொள்ளாம வேன் வெச்சுட்டு வந்தது."

"ஊரே சிரிக்கப் போகுது பாரு."

"சிரிக்கட்டும். பல்லு இருக்கறவங்க சிரிக்கறாங்க."

கல்லூரியில் படிக்கும் மகள் மட்டும் போனை எடுத்து விண்ணப்பத்தைத் தேடினாள். "அம்மா, கணக்குல மட்டும் என்கிட்ட உதவி கேக்காத. எனக்கும் உன் மண்டைதான்" என்று முன்கூட்டியே கைகழுவிக்கொண்டாள்.

வகுப்பில் விகிதம், சதவீதம் எல்லாம் தட்டுத் தடுமாறி வந்தன. நிறையிட்ட சராசரி என்ற அத்தியாயத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. பாடம் எடுத்தவர் ஒல்லியான இளைஞர், அவள் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். அவர் அன்று பலகையில் ஒரு கேள்வி எழுதினார். ஒரு வண்டி ஓர் ஊருக்கு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே வழியில் அறுபதில் திரும்புகிறது. மொத்தப் பயணத்துக்கும் சராசரி வேகம் என்ன?

அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. வண்டிக் கணக்கு! அந்த வகுப்பில் முதல் தடவையாக எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினாள்.

"அம்பது."

"இல்லக்கா. நாப்பத்தெட்டு."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வண்டி ஓட்டறவங்களுக்கே தெரியலன்னா நமக்கெல்லாம் எப்படிடா தெரியும்?"

சிரிப்பு அலையாக முன்னுக்கு வந்தது. அவள் காது மடல் சூடேறியது. திரும்பி உட்கார்ந்தாள். "யாரு தம்பி அது? எந்திரிச்சு நின்னு சொல்லு. எனக்கு முதுகுல காது இல்ல."

யாரும் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு பின்வரிசை அவளைச் சீண்டவே இல்லை. ஆனால் அவள் மனசு ஆறவில்லை. பையன் சிரித்தது வலிக்கவில்லை. அவன் சொன்னது சரிதான் என்பதுதான் வலித்தது. ஸ்டியரிங் பிடித்தே கை காய்த்துப் போனவள், ஒரு வண்டி போய்வருகிற வேகம் தெரியாமல் நின்றாள்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த அத்தியாயத்தை விட்டுடுங்க. தேர்வுல இதுலேருந்து ரெண்டு மூணு கேள்விதான் வரும். உங்களுக்கு வர்றதைக் கெட்டியாப் பிடிச்சுக்கலாம்."

"விடறதுக்காகவா சார் வேலை முடிஞ்ச கையோட இங்க ஓடி வரேன்?"

"சரி, அப்போ சுலபமா ஒரு சூத்திரம் சொல்றேன். ரெண்டு வேகத்தையும் பெருக்குங்க. அதை ரெண்டால பெருக்குங்க. ரெண்டு வேகத்தோட கூட்டுத்தொகையால வகுத்தா விடை வந்துடும்."

"வந்துடும், சரி. ஏன் வருது?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நின்றிருந்தார்கள். "அக்கா, ஏன்னு கேட்டா நேரம் பத்தாது. தேர்வுல ஏன்னு கேக்க மாட்டாங்க."

"நான் கேப்பேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தொழிற்பேட்டை வாசலில் பஸ் திரும்பி நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடையும் ஒரு சிமெண்டு பெஞ்சும் உண்டு. மதிய இடைவேளையில் அந்த பெஞ்சில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வாள். அவளோடு அத்தனை வருஷமும் ஓடிய கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டே எட்டிப் பார்ப்பார். எதைப் பார்த்தாலும் ஒரு கேலி சொல்லாமல் அவருக்கு நாக்கு சும்மா இருக்காது.

"நிறையிட்ட சராசரியா? அப்போ குறையிட்ட சராசரின்னு ஒண்ணு இருக்குமே?"

"அதைத்தான்ணே நான் இப்போ போட்டுட்டு இருக்கேன்."

வாரக்கணக்கில் அந்த நாற்பத்தெட்டு அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. நாற்பதையும் அறுபதையும் கூட்டினால் நூறு. இரண்டால் வகுத்தால் ஐம்பது. இதில் தப்பு எங்கே இருக்கிறது? ஆசிரியர் சொன்ன சூத்திரத்தைப் போட்டால் விடை வந்தது. வந்த விடையைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. அடுத்தவன் சாவியால் தன் வீட்டைத் திறக்கிற மாதிரி இருந்தது.

பிடி கிடைத்தது ஒரு மழை நாளில். சந்தைத் தெருவில் தண்ணீர் தேங்கி, பஸ் ஊர்ந்தது. துடைப்பான் இப்படியும் அப்படியும் போய் வந்தது. பின்னால் குழந்தை அழுகிறது, யாரோ யாருடைய குடையையோ திட்டுகிறார்கள், பாலம் இதோ இதோ என்று போக்குக் காட்டுகிறது. திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. சாலை காலி. அதே தெரு, அதே தூரம், கண்ணை மூடித் திறப்பதற்குள் துறைமுகம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்தியவள் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பதினேழு, வண்டி மக்கரா?" என்றார் கண்டக்டர்.

"அண்ணே, போகும்போது எவ்வளவு நேரம் உக்காந்திருந்தோம்?"

"யுகமா உக்காந்திருந்தோம்."

"வரும்போது?"

"அதுக்குள்ள வந்துட்டோமேன்னு நானே நினைச்சேன்."

"அதான்ணே! மெதுவாப் போறப்ப நாம அந்த வேகத்துல ரொம்ப நேரம் இருக்கோம். வேகமா வர்றப்ப கொஞ்ச நேரம்தான் இருக்கோம். ரெண்டுக்கும் ஒரே மரியாதை கொடுத்தா எப்படி?"

அவள் இறங்கி, பஸ்ஸின் பின் கண்ணாடியில் படிந்திருந்த சேற்றில் விரலால் எழுதினாள். ஊர் நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கட்டும். நாற்பதில் போனால் மூன்று மணி நேரம். அறுபதில் திரும்பினால் இரண்டு மணி நேரம். போக வர இருநூற்று நாற்பது கிலோமீட்டர், மொத்தம் ஐந்து மணி நேரம். வகுத்தாள். நாற்பத்தெட்டு. அந்த எண்ணைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டாள். கண்டக்டர் ஒன்றும் புரியாமல் கைதட்டினார்.

அதற்குப் பிறகு மற்ற கணக்குகளும் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. இருபது பேர் உள்ள வகுப்பின் சராசரி மதிப்பெண் எழுபது, முப்பது பேர் உள்ள வகுப்பின் சராசரி எண்பது, இரண்டையும் சேர்த்தால் என்ன என்று கேட்டால், முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுபத்தைந்து என்று எழுதிவிடுவாள். இப்போது பேனாவைத் தொடுவதற்கு முன்னால், ஆள் எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்தாள். படிக்கட்டுப் பக்கம் கூட்டம் தொங்கினால் பஸ் அந்தப் பக்கம் சாயும், அது அவள் இடுப்புக்குத் தெரியும். எண்பது பக்கம் கூட்டம் அதிகம், விடை அந்தப் பக்கம்தான் சாய வேண்டும். பிறகுதான் பெருக்கிக் கூட்டி வகுத்தாள். எழுபத்தாறு. சரியாக இருந்தது.

ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அதிகாரி சொன்ன அந்த முப்பது பேர் விவகாரம் ஞாபகம் வந்தது.

"அண்ணே, நேத்து நம்ம அஞ்சு நடையில எத்தனை பேர் ஏறினாங்க? குத்துமதிப்பா சொல்லுங்க."

"காலையில தொண்ணூறு இருக்கும். மத்த நாலு நடையும் பதினஞ்சு பதினஞ்சுன்னு வெச்சுக்கோயேன்."

கூட்டினால் நூற்றைம்பது. ஐந்து நடைக்கு வகுத்தால் முப்பது. அதிகாரி சொன்ன அதே முப்பது.

"அவர் பொய் சொல்லலண்ணே."

"அப்புறம் என்ன?"

"அவர் பஸ்ஸைக் கேட்டிருக்காரு. ஏறின ஆளைக் கேக்கல. இந்த நூத்தம்பது பேரையும் வரிசையா நிக்க வெச்சு, 'நீ வந்த பஸ்ல எத்தனை பேர் இருந்தாங்க'ன்னு ஒவ்வொருத்தரையும் கேளுங்க. தொண்ணூறு பேர் தொண்ணூறுன்னு சொல்லுவாங்க. அறுபது பேர்தான் பதினஞ்சுன்னு சொல்லுவாங்க."

அவள் பெருக்கினாள். கூட்டினாள். நூற்றைம்பதால் வகுத்தாள். பிறகு சரிபார்க்க இன்னொரு தடவை வகுத்தாள்.

"அறுபது!" என்று அவள் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "சீட்டு நாப்பது. ஏறினவங்க கணக்குப்படி பார்த்தா பஸ்ல அறுபது பேர்."

கண்டக்டர் துள்ளி எழுந்தார். "வா, இப்பவே போவோம். அந்த ஆபீசர் மேசையில இதைத் தூக்கிப் போடு."

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"அவருக்கு இது தெரியாம இருக்காதுண்ணே. அவரு படிச்சவரு. எதை எண்ணணும்னு அவருக்கு மேல இருக்கறவங்க சொல்றாங்க, அவர் அதை எண்ணறாரு. நான் போய் சொன்னா, சரிம்மான்னு கேட்டுட்டு ஓரமா வெச்சுடுவாரு. எதை எண்ணணும்னு சொல்ற எடத்துக்கு நான் போகணும்."

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முதல் தடவையாகக் கேலியை விட்டுவிட்டு, அவளுக்கும் ஒரு டீ சொன்னார்.

இவ்வளவு தெளிந்த பிறகு அவள் தேர்வில் வெளுத்து வாங்கியிருக்க வேண்டும். கோட்டை விட்டாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுகிற தேர்வு. ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி வந்தது. இரண்டு திரவங்களைக் கலந்து, பிறகு அதில் கொஞ்சம் எடுத்துக் கொட்டிவிட்டு, மூன்றாவது ஒன்றைச் சேர்த்து என்று நீண்டது. நிறையிட்ட சராசரிதான், ஆனால் வேறு வேஷத்தில். அவளுக்கு வீம்பு ஏறிவிட்டது. இதை விட்டால் அன்றைக்கே விட்டிருக்கலாமே என்று உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். திரையின் மூலையில் நேரம் கரைந்தது. கடைசியில் விடையைக் கண்டுபிடித்தும் விட்டாள், சரியான விடையைத்தான். ஆனால் அதற்குள் பாதித் தேர்வு போய்விட்டது. பின்னால் இருந்த, அவளுக்கு நன்றாகத் தெரிந்த கேள்விகளைத் தொடக்கூட முடியவில்லை.

முடிவு வந்தபோது தகுதி மதிப்பெண்ணுக்குக் கீழே, சறுக்கி விழுந்த மாதிரி கிடந்தாள். ஆசிரியர் போனில், "நான் அப்பவே சொன்னேன்லக்கா" என்றார். குரலில் வருத்தம்தான் இருந்தது. அதனால் அவளால் திட்டவும் முடியவில்லை.

அன்று வேலை முடிந்து வரும் வழியில் சலூனைக் கடந்தாள். உள்ளே நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் கையில் கத்தரிக்கோலோடு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். "மேடம் கணக்கு போடறாங்க, சத்தம் போடாதீங்கன்னு நான் சாப்பாட்டைக்கூட மெல்லாம முழுங்கறேன். கடைசில முட்டை!"

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்ததும் அவன் கை நின்றது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராகக் காலைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள்.

 அவள் உள்ளே வந்து, காத்திருக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தாள்.

"வீட்டுக்குப் போயேன்" என்றான் அவன் அடிக்குரலில்.

"இங்க வெளிச்சம் நல்லா இருக்கு."

மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். ஆண்கள் வருகிற கடையில் ஒரு பெண், அதுவும் முதலாளியின் பெண்டாட்டி, பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அங்கே என்ன அரட்டை நடக்கும்? கடை தேர்வு அறை மாதிரி ஆகிவிட்டது. வந்தவர்கள் முடியைக் கொடுத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் போனார்கள். அவனுக்குப் பேச்சு இல்லாமல் கை ஓடவில்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "அப்படி என்னதான் அதுல இருக்கு? ஒண்ணு கேளு, நான் சொல்றேன்" என்றான்.

அவள் நாற்பது, அறுபது கேள்வியைக் கேட்டாள்.

"அம்பது. இதுக்கு ஒரு படிப்பா?"

"தப்பு."

கடையே நிமிர்ந்தது. முகம் பூரா சோப்பு நுரையோடு இருந்தவர், "அம்பதுதானேம்மா?" என்றார். லாரி ஓட்டுகிற ஒருவர், இறக்கத்தில் வந்தால் கணக்கு மாறும் என்றார். இன்னொருவர், ஊருக்குப் போய்த் தங்கினாரா தங்கவில்லையா என்று கேட்டார். சண்டை சூடு பிடித்தது. நுரை காய்ந்துபோனது. அவள் விடையை மட்டும் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. "ஊர் சிரிச்சுச்சுல்ல? ஊரே கண்டுபிடிக்கட்டும்" என்று புத்தகத்தை மூடிக்கொண்டு கிளம்பினாள்.

அவனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சாப்பிடும்போது விரலால் தட்டில் எழுதினான். ஒருநாள் விடிகாலையில் அவள் சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"கேளு. நான் முடி வெட்டறது மெதுவா. ஷேவிங் பண்றது வேகம். ஆளுக்கு ஆள் எண்ணினா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா நாள் பூரா நான் நிக்கறது முடி வெட்டிட்டுத்தான். மெதுவான பக்கம்தான் நேரத்தைத் தின்னுது. வண்டியும் அதானே?"

"அதேதாங்க."

"இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க மொதல்லயே சிரிக்காம இருந்திருக்கலாம்ல?"

அவன் தலையைச் சொறிந்தான். ஜன்னல் பக்கம் திரும்பினான். "தப்புதான்" என்று ஒரு வார்த்தை சொன்னான், அதுவும் ஜன்னலிடம்.

அன்று மாலை கடையில் யாரோ பழைய கேலியை எடுத்தபோது, "என் பொண்டாட்டி படிக்கறா. சிரிக்கறவன் வேற கடை பாத்துக்கோ" என்று அவனே வெட்டிவிட்டான். அவள் பெஞ்சில் உட்காருவதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது அவன் அவளுக்கு ஒரு வேலை செய்தான். ஒரு கணக்கில் அவள் ரொம்ப நேரம் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற அதே குரலில், "அடுத்தது!" என்பான்.

"விட மாட்டேன்" என்பாள் அவள்.

"யாரு விடச் சொன்னா? தலைக்குச் சாயம் போட்டா என்ன பண்றோம்? அவனை ஊற வெச்சுட்டு அடுத்த தலையைப் பாக்கறோம். அவன் என்ன, எந்திரிச்சு ஓடிடவா போறான்? திரும்பி வந்து அலசி விடறோம்ல? அந்த மாதிரி ஊற வை."

ஆசிரியர் சொல்லி ஏறாதது இப்போது ஏறியது. விட்டுவிடு என்று சொன்னால் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ஊற வை என்றால் அதில் ஒரு மானக்கேடும் இல்லை.

அடுத்த முறை தேர்வு எழுதியபோது முரண்டு பிடித்த கேள்விகளை எல்லாம் ஊற வைத்தாள். மற்றதை முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். சிலது அலசலில் தெளிந்தது, சிலது அப்படியே கறையாக நின்றது. தகுதி மதிப்பெண்ணைத் தாண்டினாள், எட்டிக் குதித்தல்ல, வேலியில் சேலை மாட்டிக்கொள்கிற மாதிரி ஒட்டித் தாண்டினாள்.

நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க அனுபவத்துக்கு நாங்க மதிப்பு கொடுக்கறோம். பணியில இருக்கறவங்களுக்காகவே ஒரு சான்றிதழ் படிப்பு வெச்சிருக்கோம். கணக்கு கிடையாது. ஒரே வருஷம். உங்களுக்கு அது வசதியா இருக்கும்."

"அதைப் படிச்சா, எந்தத் தடத்துல எத்தனை பஸ் ஓடணும்னு முடிவு பண்ண விடுவாங்களா சார்?"

"இல்ல. அது டிப்போ மேற்பார்வை மாதிரி வேலைகளுக்கு."

"அப்போ எனக்கு அது வேண்டாம்."

"கொஞ்சம் யோசிங்கம்மா. உங்க மதிப்பெண் விளிம்புல இருக்கு. இதுல இடம் கிடைக்காமப் போனா ரெண்டும் இல்லாமப் போயிடும்."

"போனா அடுத்த வருஷம் வருவேன். அதுக்கு அடுத்த வருஷமும் வருவேன். நீங்க ரிடையர் ஆனப்புறம் உங்க எடத்துக்கு வர்றவர்கிட்டயும் வருவேன் சார்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியை கையால் வாயை மூடிக்கொண்டார். நடுவில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.  வெளியே வந்தவள், இப்படி வாயைக் கொடுத்துவிட்டோமே என்று படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

சேர்க்கைப் பட்டியலில் அவள் பெயர் அடிவரிசையில் இருந்தது. மகள் போனை நீட்டிக் காட்டினாள். அவள் புருஷன் அந்தத் திரையை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் காட்டினான். "கடைசில இருக்கே" என்று ஒருவர் சொன்னார். "கடைசிக் கோட்டுக்கு மேலதானே இருக்கு" என்றான்.

வகுப்பு பிற்பகலில். காலை நடைகளை ஓட்டி முடித்துவிட்டு நேராகப் போக வேண்டும். முதல் நாள் உடை மாற்ற நேரம் இல்லை. நீலச் சட்டையும் சாவிக்கொத்துமாகப் பல்கலைக்கழகத்தின் பெரிய வாசலில் நுழைந்தாள். காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"பஸ் டிரைவருங்க எல்லாம் பின்பக்க கேட்டும்மா. ஸ்டாஃப் பஸ் அங்கதான் நிக்கும்."

"நான் படிக்க வந்திருக்கேன்."

"யாரைப் பார்க்கணும்?"

"யாரையும் பார்க்க வேணாங்க. எனக்குக் கிளாஸ் இருக்கு." புது அடையாள அட்டையை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அவர் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். அவள் அந்த அகலமான வாசலின் நட்டநடுவாக நடந்து உள்ளே போனாள்.

விஷயம் கேள்விப்பட்ட மகள், மறுநாள் அவள் பையில் நல்ல உடுப்பு ஒன்றை மடித்து வைத்தாள். அவள் அதை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். நேரம் இருந்த நாட்களிலும் அவள் உடை மாற்றவில்லை. முதல் பருவத்தில் புள்ளியியலில் தோற்று, அதைத் திரும்ப எழுதப் போன நாளிலும், தேறி வெளியே வந்த நாளிலும், நீலச் சட்டையோடு அந்தப் பெரிய வாசல் வழியாகத்தான் போய் வந்தாள்.